பேராசிரியர் இருக்கையும் பெரணிப் பாடமும்

முதல் உலகப் போர் நான்காவது குளிர்காலத்தை எட்டியிருந்த 1917 டிசம்பரில், 'நியூ பைட்டாலஜிஸ்ட்' என்ற ஆங்கிலத் தாவரவியல் இதழில், கல்லூரிகளில் தாவரவியலின் தொடக்கப் பாடத்தை எவ்வாறு மாற்றி அமைப்பது என்பது பற்றி ஐந்து பேர் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை வெளிவந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எஃப். எஃப். பிளாக்மன், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தம்பி வி. எச். பிளாக்மன், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் எஃப். டபிள்யூ. ஆலிவர், முன்பு ரெடிங்கில் பேராசிரியராக இருந்து போர்க்காலத்தில் அரசின் உணவு உற்பத்தித் துறையில் தோட்டப்பயிர்களுக்குப் பொறுப்பேற்றிருந்த ஃபிரெடரிக் கீபிள், அந்த இதழை 1902இல் தொடங்கி நடத்திவந்த கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஆர்தர் டான்ஸ்லி ஆகியோரே அந்த ஐவர். பின்னாளில் 'டான்ஸ்லி அறிக்கை' என்றே பெயர் பெற்றுவிட்ட அந்தச் சில பக்கங்கள், பிரிட்டனின் தாவரவியல் துறைகளில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் நீடித்த கடும் விவாதத்தைக் கிளப்பின. முதலாண்டு மாணவனுக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வி அறிஞர்களை இவ்வளவு சூடாக மோதவைத்தது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அன்றைய வகுப்பறையில் என்ன நடந்தது என்பதையும், அந்த வகுப்பறையை ஆண்ட பேராசிரியர் இருக்கை எப்படி நிரப்பப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அன்றைய பாடத்தின் நடுநாயகமாக இருந்தது உருவவியல், அதாவது தாவர உறுப்புகளின் வடிவத்தையும் அமைப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் துறை. மாணவர்கள் பாசி, பூஞ்சை, மாஸ், பெரணி, பைன், பூக்கும் தாவரம் என்ற வரிசையில், ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாதிரியாக ஒரு செடியைத் தேர்ந்து, அதன் உடலமைப்பையும் இனப்பெருக்க முறையையும் படித்தார்கள். பெரணிக்கான செய்முறை வகுப்பில் மாணவர் முதலில் தரைகீழ்த் தண்டைச் சவரக்கத்தியால் மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து நீர்க்குழாய்த் திசுக்களின் அமைப்பை வரைவார். பிறகு இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் பொட்டுகளாகக் காணப்படும் வித்துப்பைத் தொகுதிகளைப் பார்ப்பார். அதன் பிறகு, அந்த வித்து முளைத்து உண்டாகும், விரல் நகத்தை விடச் சிறிய, இதய வடிவமான பச்சைத் தகட்டைத் திருப்பிவைத்து, அதில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் எங்கே இருக்கின்றன என்று தேடுவார். பெரணி என்று நாம் காணும் பெரிய செடி ஒரு தலைமுறை. அந்தச் சிறு தகடு இன்னொரு தலைமுறை. இவ்விரண்டும் மாறி மாறி வருவதைச் 'சந்ததி மாற்றம்' என்பார்கள். மாஸ் முதல் பைன் வரை எல்லாவற்றிலும் இந்த ஒரே ஒழுங்கு மறைந்து கிடக்கிறது என்பதை 1851இல் நிறுவியவர், பல்கலைக்கழகப் படிப்பே இல்லாமல் லைப்சிக் நகரில் இசைநூல் வணிகம் செய்துகொண்டே நுண்ணோக்கியோடு வாழ்ந்த வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். 1863இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவரையே பேராசிரியராக்கியது. பட்டத்தைப் பாராமல் ஆற்றலைப் பார்த்து நியமனம் செய்த அந்தத் துணிவு எக்காலத்திலும் அரிதானது.

டார்வினின் நூல் 1859இல் வந்தபின் ஹோஃப்மைஸ்டரின் வரிசைக்குப் புதிய பொருள் கிடைத்தது. கடலோரத்துப் பாசியிலிருந்து காட்டு மரம் வரை தாவர இனங்கள் எவ்வழியில் தோன்றி வந்தன என்ற இனவழி வரலாற்றை உறுப்புகளின் ஒப்பீட்டிலிருந்தே எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. கிளாஸ்கோவின் எஃப். ஓ. பவர் 1908இல் வெளியிட்ட, தரைத் தாவரங்களின் தோற்றம் பற்றிய பெருநூல் இந்த நம்பிக்கையின் உச்சம். நிலக்கரிப் படிவங்களில் பெரணி போன்ற இலையோடு விதையும் தாங்கிய தாவரங்கள் இருந்தன என்பதை 1903இல் ஆலிவரும் டி. எச். ஸ்காட்டும் எடுத்துக்காட்டியபோது, தொல்தாவரவியலும் அதே வரலாற்றுக்குச் சான்று சொல்ல வந்துவிட்டது. இவ்வளவு ஈர்ப்புள்ள ஒரு கதை கையில் இருக்கையில், பேராசிரியர்கள் அதையே முதலாண்டு மாணவருக்கும் கற்பிக்க விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் இந்தப் பாடமும் ஒரு காலத்தில் கலகமாகத்தான் வந்தது. 1870க்கு முன் பிரிட்டனில் தாவரவியல் என்றால், பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள் உலர்ந்த செடிகளுக்குப் பெயர் சொல்லிக் குடும்பம் பிரிக்கப் பழகும் வகைப்பாட்டியல்தான். டி. எச். ஹக்ஸ்லி 1870களில் லண்டனின் தென் கென்சிங்டனில் ஆசிரியர்களுக்காக நடத்திய செய்முறை வகுப்புகளும், அவற்றில் தாவரவியலுக்குப் பொறுப்பேற்ற தைசெல்டன் டயரின் ஊக்கமும் அந்த நிலையை மாற்றின. வுர்ட்ஸ்பர்க்கில் யூலியஸ் சாக்ஸ், ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆன்டன் டி பாரி ஆகிய ஜெர்மானியப் பேராசிரியர்களின் ஆய்வகங்களுக்குச் சென்று பயின்று திரும்பிய இளைஞர்கள், சவரக்கத்தியும் நுண்ணோக்கியும் இல்லாமல் தாவரவியல் இல்லை என்றார்கள். அந்த இளைஞர்களில் முன்நின்றவர்கள் பவரும், பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரான சிட்னி வைன்சும். இருவரும் சேர்ந்து எழுதிய செய்முறைக் கையேடு 1885இல் வெளிவந்தது. இவர்கள் அன்று 'புதிய தாவரவியல்' என்று பெயர் சூட்டிக்கொண்டு பழைய பேராசிரியர்களை எதிர்த்தார்கள் என்பதும், முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுடைய பாடத்தையே இன்னொரு தலைமுறை பழையது என்று சொன்னது என்பதும் இந்த வரலாற்றின் மையம். உண்மையில் ஜெர்மனியிலிருந்து அவர்கள் கொண்டுவந்த செல்வத்தில் சாக்ஸின் உடலியங்கியலும் இருந்தது. செடி நீரை எவ்வாறு உறிஞ்சுகிறது, ஒளியில் உணவை எவ்வாறு ஆக்குகிறது, எப்படி மூச்சுவிடுகிறது, எப்படி வளைந்து வளர்கிறது என்று உயிருள்ள செடியைச் சோதனைக்கு உட்படுத்தும் துறை அது. பிரிட்டனின் வகுப்பறைகளில் உருவவியல் வேரூன்றிய அளவுக்கு அது வேரூன்றவில்லை.

உயிருள்ள செடியைப் பற்றிய அறிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அந்தத் தலைமுறையிலேயே ஒரு பெரிய சான்று இலங்கையில் நடந்தது. காப்பி இலையில் ஆரஞ்சு நிறத் துருப்பொடி படரவைத்த ஒரு பூஞ்சை 1869இல் அங்கே கண்டறியப்பட்டு, தோட்டம் தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களின் உழைப்பில் எழுந்த அந்தத் தோட்டங்களைக் காக்க வழி தேடிய இலங்கை அரசு, ஹாரி மார்ஷல் வார்டு என்ற இருபத்தைந்து வயது கேம்பிரிட்ஜ் பட்டதாரியை 1880இல் வரவழைத்தது. காற்றில் வரும் பூஞ்சை வித்து ஈரமான இலைமீது முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே புகுந்து திசுவைத் தின்கிறது என்பதை அவர் சோதனைகளால் படிப்படியாகக் காட்டினார். மறிக்கும் மரங்களே இல்லாமல் மலைமலையாய் ஒரே பயிரை நட்டிருந்ததுதான் காற்றோடு நோய் தங்குதடையின்றிப் பரவக் காரணம் என்றும் சுட்டினார். மருந்து சொல்ல அவரால் முடியவில்லை. காப்பி அழிந்து தேயிலை வந்தது. ஆயினும் பயிர்நோயியல் ஓர் அறிவியலாக உருவானதில் அந்த இரண்டு ஆண்டு வேலைக்கு உள்ள இடம் பெரிது. வார்டு 1895இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். அவருடைய முயற்சியில் எழுந்த புதிய தாவரவியல் கட்டடத்தை 1904இல் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்துவைத்தார்.

இருக்கையின் வலிமை இங்கேதான் வெளிப்படுகிறது. அக்காலப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு வழக்கமாக ஒரே பேராசிரியர்தான் இருப்பார். பாடத்திட்டம், தேர்வு, ஆய்வகத்தில் யாருக்கு இடம், எந்த இளைஞருக்குப் பரிந்துரை என்று எல்லாவற்றுக்கும் அவருடைய சொல்லே முடிவு. பதவியோ பல பத்தாண்டுகள் நீடிக்கும். பவர் கிளாஸ்கோவில் 1885 முதல் 1925 வரை நாற்பது ஆண்டுகள் இருந்தார். வைன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் 1888 முதல் 1919 வரை முப்பத்தோராண்டுகள். யூனிவர்சிட்டி கல்லூரியில் டேனியல் ஆலிவர் வகித்த இருக்கையில் அவருக்குப்பின் அமர்ந்தவர் அவர் மகனான எஃப். டபிள்யூ. ஆலிவர், மகனின் காலம் 1929 வரை ஓடியது. வார்டு 1906இல் ஐம்பத்திரண்டாம் வயதில் காலமானபோது, பயிர்நோயியலாளர் ஒருவரின் இடத்துக்குத் தொல்தாவரவியலாளரான ஏ. சி. சீவர்டு வந்து, 1936 வரை முப்பதாண்டுகள் அங்கே இருந்தார். சீவர்டு நேர்மையான நிர்வாகி, தம் துறையில் பெரும் அறிஞர். என்றாலும் அந்த ஒரு நியமனத்தால் ஒரு தலைமுறை மாணவர்களுக்குத் தாவரவியலின் முகமே மாறியது என்று சொல்வது மிகையாகாது. ஒளிச்சேர்க்கை ஆய்வில் உலகமே எடுத்தாண்ட கருத்தைத் தந்த எஃப். எஃப். பிளாக்மன் அதே கட்டடத்தில் ரீடர் என்ற இரண்டாம் நிலைப் பதவியிலேயே தம் காலம் முழுவதும் இருந்தார்.

பிளாக்மன் 1905இல் சொன்ன அந்தக் கருத்தை அறிந்தால், ஐவரும் எத்தகைய தாவரவியலை வேண்டினார்கள் என்பது தெளிவாகும். ஒளி, கரியமில வாயு, வெப்பம் ஆகிய மூன்றும் ஓர் இலை உணவு ஆக்குவதற்குத் தேவை. ஒளி மங்கலாக இருக்கையில் வாயுவை எவ்வளவு கூட்டினாலும் உணவாக்கம் கூடாது. ஒளியைக் கூட்டினால் கூடும், ஆனால் வாயு போதாமற்போகும் கட்டத்தில் அதுவும் நின்றுவிடும். எந்த நேரத்திலும் மிகக் குறைவாக உள்ள காரணியே வேகத்தை முடிவுசெய்கிறது என்ற இந்த விதியைக் 'கட்டுப்படுத்தும் காரணி' விதி என்பர். ஒரு செடியை அளவிட்டு, காரணத்தைப் பிரித்தெடுத்து, விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதை இது காட்டியது. உழவர், காடு வளர்ப்பவர், தோட்டக்காரர் ஆகிய அனைவருக்கும் நேரடியாகப் பயன்படும் அறிவும் இதுவே.

அறிக்கையின் வாதம் இந்த அடித்தளத்தில் நின்றது. தொடக்கப் பாடத்தில் இனவழி வரலாற்றைத் தேடும் உருவவியல் அளவுக்கு மீறி இடம்பிடித்துவிட்டது. அந்தத் தேடலின் முடிவுகளோ பெரும்பாலும் ஊகம். மாணவர் உயிருள்ள செடியையே காணாமல் கண்ணாடிச் சில்லில் உறைந்த சீவல்களைப் பார்த்துப் படிப்பை முடிக்கிறார். ஆகவே செடியின் செயற்பாட்டையும், செடிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உறவை ஆராயும் சூழலியலையும் நடுவில் வைத்து, அமைப்பை அவற்றுக்குத் துணையாகக் கற்பிக்க வேண்டும் என்றார்கள். போர் இந்த வாதத்துக்கு அவசரம் கூட்டியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலால் உணவு இறக்குமதி ஆபத்துக்குள்ளாகியிருந்த நாட்டில், தாவரவியல் பேராசிரியர்களுக்கும் விளைநிலத்துக்கும் தொடர்பு அற்றுப்போயிருப்பதைக் கீபிள் போன்றவர்கள் அன்றாடம் கண்டார்கள். கையெழுத்திட்டவர்களில் ஆலிவரின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. விதைப் பெரணிகளைக் கண்டுபிடித்து உருவவியலின் பெரும்புகழை ஈட்டிய அவரே, நார்ஃபோக் கடற்கரையின் பிளேக்னி மணல்திட்டுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, உப்புச் சேற்றிலும் கூழாங்கற் கரையிலும் செடிகள் எப்படி நிலைகொள்கின்றன என்று நேரில் காட்டத் தொடங்கியிருந்தார். பழைய துறையில் வென்றவர் அதை விட்டு வெளியேறியது, பேச்சை விடப் பெரிய வாதமாக இருந்தது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. 1918இலும் 1919இலும் அதே இதழின் பக்கங்களில் பதில்களும் மறுப்புகளும் தொடர்ந்தன. ரஷ்யப் புரட்சி நடந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரமாதலால், 'தாவரவியல் போல்ஷவிசம்' என்ற வசை அறிக்கையின்மீது விழுந்தது. எதிர்த்தவர்களின் முன்வரிசையில் நின்றவர் பவர். அவர் தரப்பில் இருந்த நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. உறுப்பு எது என்று அறியாதவர் அதன் வேலையை எப்படி அளப்பார் என்பது பொருளற்ற கேள்வியன்று. உடலியங்கியலைச் செம்மையாகக் கற்பிக்க வேதியியலும் இயற்பியலும் அறிந்த மாணவர் வேண்டும், கருவிகள் வேண்டும், பணமும் வேண்டும். பெரணியையோ ஒரு நுண்ணோக்கியும் சவரக்கத்தியும் இருந்தால் எந்தச் சிறு கல்லூரியிலும் கற்பிக்கலாம். எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே அச்சில் பாடம் வார்ப்பது, ஆசிரியரின் சுதந்திரத்தைப் பறிக்கும் என்ற அச்சமும் உண்மையானதே. எனினும், எதிர்ப்பின் கடுமையில் பாடத்தைப் பற்றிய கவலையோடு, வாழ்நாள் உழைப்பு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறதே என்ற வலியும் கலந்திருந்தது. அடுத்துக் காலியாகும் இருக்கைகளில் யார் அமர்வார் என்ற எண்ணம் இரு தரப்பாரிடமும் இருந்திருக்கும் என்று கொள்வதும் தவறாகாது.

அந்தச் சோதனை விரைவிலேயே வந்தது. வைன்ஸ் ஓய்வுபெற, ஆக்ஸ்ஃபோர்டின் ஷெரார்டு இருக்கை காலியாயிற்று. வில்லியம் ஷெரார்டு என்ற தாவரவியலாளர் பதினெட்டாம் நூற்றாண்டில் விட்டுச்சென்ற கொடையில் அமைந்த அந்தப் பதவி, நாட்டின் மூத்த இருக்கைகளுள் ஒன்று. டான்ஸ்லிக்கு அது கிடைக்கவில்லை. அறிக்கையே அவருக்குத் தடையானது என்று பின்னாளில் பலர் கருதினர். ஆனால் 1920இல் அந்த இருக்கையில் அமர்ந்தவர் அதே அறிக்கையில் கையெழுத்திட்ட கீபிள் என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே, பழிவாங்கப்பட்டார் என்ற எளிய கதை பொருந்தாது. கொள்கையைத் தாங்கிக்கொண்ட தேர்வாளர்களால், அதன் முன்னணிக் குரலைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். டான்ஸ்லி உளவியலின் பக்கம் திரும்பி, 1920இல் எழுதிய உளவியல் நூலால் புகழ்பெற்று, 1923இல் கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் பதவியைத் துறந்து, வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டிடம் பயின்றார். தாவரவியல் ஒரு முதல்தர அறிஞரை ஏறக்குறைய இழந்தேவிட்டது. 1927இல் கீபிள் ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் வேளாண் ஆலோசகராகச் சென்ற பிறகே, ஐம்பத்தைந்து வயதான டான்ஸ்லி ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரானார். அங்கிருந்த காலத்தில், 1935இல், ஒரு நிலப்பரப்பின் உயிர்களையும் மண், நீர், காற்று, ஒளி ஆகியவற்றையும் ஒரே தொகுதியாகக் கொள்ளும் 'எகோசிஸ்டம்' என்ற சொல்லை அச்சில் முதன்முதலாக அவர் வழங்கினார். சூழ்நிலை மண்டலம் என்று இன்று பள்ளிப் பாடநூலில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் கற்பது இந்தக் கருத்தைத்தான்.

இருக்கைகளைப் பற்றிய இந்தப் போட்டியில் இரு தரப்பாரும் பேசாத ஒன்று, போட்டியிடவே முடியாதிருந்த பெண்களின் நிலை. தாவரவியல் பெண்களுக்கு ஏற்ற படிப்பு என்ற எண்ணம் விக்டோரியா காலம் முதலே இருந்ததால் மாணவியர் பலர் அதில் சேர்ந்தனர். லண்டனின் பெண்கள் கல்லூரிகளில் சிலருக்குத் துறைத் தலைமையும் கிடைத்தது. ராயல் ஹாலோவே கல்லூரியில் மார்கரெட் பென்சன் துறையைக் கட்டியெழுப்பிப் பேராசிரியரானார். கேம்பிரிட்ஜ் வேறு உலகம். நியூன்ஹம், கர்ட்டன் ஆகிய பெண்கள் கல்லூரிகளின் மாணவியருக்காக 1884இல் தொடங்கப்பட்ட பால்ஃபர் ஆய்வகம் 1914இல் மூடப்பட்டபின், ஆக்னஸ் ஆர்பர் என்ற உருவவியலாளர் அங்கேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து வேலைசெய்தார். கணவரை 1918இல் இழந்து, மகளையும் வளர்த்துக்கொண்டே, நீர்த்தாவரங்களைப் பற்றியும் ஒருவித்திலைத் தாவரங்களைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. 1927இல் அந்த இடமும் போனபோது, பல்கலைக்கழகத் தாவரவியல் கூடத்தில் அவருக்கு ஓர் ஆய்வு மேசை கிடைக்கவில்லை. வீட்டின் பின்னறையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். ராயல் சொசைட்டி 1946இல் அவரை உறுப்பினராக்கியது. தாவரவியலாளரான பெண்களில் அந்தச் சிறப்பை முதலில் பெற்றவர் அவரே. உருவவியல் காலம் கடந்தது என்று ஆண்கள் வாதாடிய காலத்தில், அதன் மிகச்சிறந்த பக்கங்கள் சம்பளமும் இருக்கையும் இல்லாத ஒருவரால் எழுதப்பட்டன என்பது அந்த அமைப்பின்மீது கடுமையான குற்றச்சாட்டு.

விவாதத்தின் அலை இந்தியாவை வந்தடைந்த விதம் வேறு. சீவர்டின் மாணவரான பீர்பல் சாஹ்னி 1919இல் நாடு திரும்பி, 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவரானார். இந்திய மாணவர்களுக்காக அவர் திருத்தி அமைத்த லோசனின் பாடநூல் பல தலைமுறைகளுக்குக் கைநூலாக இருந்தது. மாதிரித் தாவரங்களை வரிசையாகப் படிக்கும் முறையே இந்தியக் கல்லூரிகளில் நிலைத்தது. தமிழ்நாட்டில் தாவரவியல் இளநிலைப் பட்டம் பெற்ற எவருக்கும் பாசியில் தொடங்கிப் பெரணி வழியாகப் பூக்கும் தாவரத்துக்கு வரும் அந்த வரிசை நினைவிருக்கும். உடலியங்கியலும் பயிர் மேம்பாடும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேளாண் துறையில் வளர்ந்தன. சென்னை மாநிலக் கல்லூரியில் பி. எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலைச் செடிகளை வகைப்படுத்தி எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் சி. ஏ. பார்பரும், அவருக்குப்பின் டி. எஸ். வெங்கட்ராமனும், பயிர்க் கரும்பைக் காட்டு நாணலோடு கலப்பினம் செய்து கோ 205 என்ற புகழ்பெற்ற வகையை உருவாக்கினார்கள். கல்லூரித் தாவரவியலுக்கும் வயலுக்கும் இடையே விழுந்திருப்பதாக ஐவரும் 1917இல் முறையிட்ட பிளவு, இங்கே இரண்டு துறைகளாகவே அமைந்துவிட்டது.

அந்தப் பிளவின் இரு பக்கத்திலும் பணியாற்றியவர்களில் ஜானகி அம்மாளும் ஒருவர். தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை தாவரவியல் பேராசிரியராக இருந்து, பின்னர் கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்துக்கு மாறினார். திருவனந்தபுரத்தில் அவர் பேராசிரியர் பதவியேற்று பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், 1948இல்தான் கேம்பிரிட்ஜ் தன் மாணவியருக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது.